கணக்குக் கேட்காத நாற்காலி

ஏரல் கடைத்தெருவில் காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் எங்கே உட்காரலாம்?

ஏரல் சின்ன ஊர்தான் என்றாலும் கடைத்தெரு பெரியது. பாத்திரத்துக்கும் துணிக்கும் நகைக்கும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அமாவாசை என்றால் ஆற்றங்கரை அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிற கூட்டம் வேறு. அந்தத் தெருவில் ஆண்களுக்கு உட்கார இடம் உண்டு. டீக்கடை பெஞ்சு, சலூன் நாற்காலி, கடை வாசல் படி, கொடிக்கம்பத்து மேடை. ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். வாங்காமலும் பேசலாம். பெண்ணும் வரலாம், ஆனால் காரியத்தோடு வர வேண்டும். கடைக்குப் போனால் கையில் காசு வேண்டும். கோயிலுக்குப் போனால் வேண்டுதல், ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய், ரேஷன் கடைக்குப் போனால் அட்டை. காரியம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். கடைக்காரர் போடும் ஸ்டூலில்கூடச் சேலை பார்க்கிற வரைக்கும்தான் உட்காரலாம்.

மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம் இதைத்தான் பேசுகிறது. பொதுவெளியில் இருக்கிற பெண் ஏதோ ஒரு வேலையாக வந்திருப்பதாக எப்போதும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சும்மா நிற்கிற உரிமை அவளுக்கு இல்லை என்கிறார்கள் அவர்கள். அதைப் படித்தபோது எனக்கு மும்பை நினைவுக்கு வரவில்லை. ஏரல் கடைத்தெருவும், கையில் மஞ்சப்பையோடு வேகமாக நடக்கிற என் அம்மாவும்தான் வந்தார்கள். வெறும் கையோடு அம்மா தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. பைக்குள் ஒன்றும் இல்லாத நாளிலும் பை இருக்கும்.

அந்த அம்மா அறுபது வயதுக்கு மேல் நூலகத்துக்குப் போகத் தொடங்கினாள். அப்பா இறந்த மறுவருஷம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. வாரப் பத்திரிகை பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அங்கே போய் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன்.

“ஒண்ணும் செய்யல. இருக்கேன். யாரும் என்னன்னு கேக்க மாட்டாவ.”

பொது நூலகங்களைப் பற்றி நான் படித்த எதையும்விட இந்த வாக்கியம் எனக்குப் பயன்பட்டது. யாரும் என்ன என்று கேட்காத இடம். பல நூலகங்களில் சுவரோரமாக ‘பெண்கள்’ என்று எழுதிய பெஞ்சு ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதில் பழைய நாளிதழ்க் கட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்கிறவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அறுபது வயது வரை அப்படியோர் இடம் அம்மாவுக்குக் கிடைத்ததில்லை. கோயிலில்கூட, “என்ன, இந்நேரத்துல வந்திருக்கிய?” என்று கேட்க ஒருவர் இருப்பார்.

நூலகத்தின் பக்கம் அம்மா அதற்கு முன்னால் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், வேறொரு ஊரில் குடியிருந்தபோது, உறுப்பினராகச் சேரப் போயிருக்கிறாள். வீட்டு வரி ரசீது கொண்டுவரச் சொன்னார்களாம். ரசீதில் அப்பா பெயர் இருந்தது. “அப்பம் அவுகளையே சேரச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா சேர்ந்தார். அப்பாவின் அட்டையில் அம்மா படித்தாள். எந்தப் புத்தகம் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் மறந்துவிட்டு வேறொன்றை எடுத்துவந்தால் அதைப் படிக்க வேண்டும். சங்கர்லால் துப்பறியும் கதைகளாகவே பத்து வருஷம் படித்ததாக அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இதில் ஒரு ரசீதைப் பற்றிய கதைக்கும் மேலான ஒன்று இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்குப் பின்னால் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கான பணம் யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் வர வேண்டும் என்பதற்காகச் சொத்து வரியோடு நூலக வரி சேர்க்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரி ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ஊரே சேர்ந்து நடத்துகிற நூலகம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இந்தப் பத்துப் பைசாதான் ஆதாரம். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் வரி வீட்டின் மேல், வீடு ஆணின் பேரில். அந்த வீட்டைக் கூட்டி மெழுகி, வெள்ளையடித்து, ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துக் காப்பாற்றியவள் ரசீதில் இல்லை. ‘ஊர்’ என்று எழுதும்போது யாரை எண்ணுகிறோம் என்ற கேள்வி நூலகப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ரங்கநாதனுக்கு இது தெரியாமல் இல்லை. 1931இல் வெளிவந்த அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ உலகம் முழுதும் படிக்கப்படுவது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அதில் இரண்டாவது விதி. அந்த விதி எந்தெந்தச் சுவர்களோடு மோத வேண்டியிருக்கிறது என்று சொல்லும்போது, மேட்டுக்குடிக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரையும், நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் இருக்கும் சுவரையும் சொல்கிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் சுவரையும் தனியாக எடுத்துப் பேசுகிறார். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது அவருடைய நான்காவது விதி. அந்த விதியைப் பெண்களைப் படிக்க வைத்து வாசித்தால் வேறு பொருள் வருகிறது. புத்தகத்தைத் தேடுகிற ஐந்து நிமிடத்தை நூலகம் சேமித்துக் கொடுத்துவிடும். புத்தகத்தோடு உட்கார வேண்டிய ஒரு மணி நேரத்தை அவளுக்கு யார் சேமித்துக் கொடுப்பது? நூலகம் திறந்திருக்கும் காலையில் அவள் அடுப்படியில் இருக்கிறாள். மாலையில் திறந்திருக்கும்போது குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுகிறது.

நூலகம் மக்களை இணைக்கிறது என்ற பேச்சு இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வீடும் வேலைத்தலமும் போக ‘மூன்றாம் இடம்’ என்று ஒன்று ஊருக்கு வேண்டும் என்று எழுதினார். காப்பிக் கடை, மது விடுதி, முடிதிருத்தும் கடை என்று அவர் அடுக்கிய இடங்களைப் பார்த்தால் நம் டீக்கடையும் சலூனும்தான். நம்மிடம் அந்த மரபு வலுவாகவே இருந்தது. திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்களும் கேட்டு அரசியல் பேசினார்கள். தமிழ்நாட்டின் வரலாற்றையே அந்தப் படிப்பகங்கள் மாற்றின. அந்தப் பெஞ்சுகளில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. முதல் இடமான வீடே முடியாத வேலைத்தலமாக இருக்கிற ஒருத்திக்கு மூன்றாம் இடம் எத்தனையாவது இடம்?

இணைப்பு என்ற சொல் எனக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது. மின்சார வாரியத்திலும் எரிவாயு அலுவலகத்திலும் புழங்குகிற சொல். நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: பழக்கம். சொந்தம் பிறப்பால் வருகிறது. நட்பை நாம் தேர்ந்தெடுக்கிறோம். பழக்கம் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இருப்பதால் மட்டுமே வருவது. தினமும் ஒரே பேருந்தில் போகிறவர், ஒரே குழாயடியில் நிற்கிறவர். பெயர் தெரியாமலேகூடப் பழக்கம் இருக்கலாம். நூலகம் செய்வது இதைத்தான். அது யாரையும் யாரோடும் சேர்த்து வைப்பதில்லை. ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டு, பேச வேண்டாம் என்றும் எழுதிப் போட்டுவிடுகிறது. மிச்சத்தை நாட்கள் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் நம் ஊரில் பெண்ணுக்குப் பழக்கம் என்பது நல்ல சொல்லாக இருந்ததில்லை. “அவளுக்கு அவனோட பழக்கம்” என்றால் அது குற்றச்சாட்டு. பெண் பார்க்க வந்தவர்களிடம், “நம்ம பிள்ள யார்ட்டயும் பழகாது, வீடு உண்டு அது உண்டுன்னு இருக்கும்” என்று சொல்வது பாராட்டு. என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அப்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. யாரோடும் பழகாதவளே நல்ல பெண் என்று வளர்க்கிற ஒரு சமூகம், தன் நூலகம் மக்களை இணைக்கிறது என்று சொல்லும்போது பாதி மக்களைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறது.

பெண்களின் எழுத்து மரபே இந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான். வை.மு. கோதைநாயகி ஐந்தரை வயதில் கல்யாணமானவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவருடைய முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பட்டம்மாள் என்ற தோழி. பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925 முதல் நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார் கோதைநாயகி. எழுத்து தெரியாத ஒருத்தியும் எழுத்து தெரிந்த ஒருத்தியும் அருகருகே உட்கார ஓர் இடம் கிடைத்தது. அவர்களுக்கு அது ஒரு வீட்டுக்குள் கிடைத்தது. வீட்டுக்குள் கிடைக்காதவர்களுக்காகத்தான் பொது என்ற ஒன்று வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு நூலகத்தில் ஒரு பழக்கம் ஏற்பட்டது. எதிர் நாற்காலியில் ஒரு பெண் தினமும் வந்து உட்காருவாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவள். வீட்டில் ஒரே அறை, எந்நேரமும் டி.வி. ஓடும் என்பதால் இங்கே வருகிறாள். முதலில் அம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட்டவள், பிறகு ‘ஆச்சி’ என்று கூப்பிட்டாள். சர்க்கரை மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தை அம்மா அவளிடம் நீட்டி, “இது முடிஞ்சு போன தேதியாட்டி, பாரு” என்பாள். அவள் வாசித்துச் சொல்வாள். அவள் எந்தத் தெரு என்பதை அம்மா முதல் வாரமே விசாரித்துத் தெரிந்துகொண்டாள். எங்கள் ஊரில் ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். தெரிந்துகொண்ட பிறகும் நாற்காலியை மாற்றிக்கொள்ளவில்லை. அதே சமயம், ஒரு வருஷத்துக்கு மேலாக எதிரெதிரே உட்கார்ந்தும், “வீட்டுக்கு வாயேன்” என்று ஒருநாளும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியூரில் இருந்த நான் அம்மாவின் எண்ணை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போனேன். சொந்தக்காரர்களையும் பிடிக்க முடியவில்லை. அவரவர் மாடியில் அவரவர் இருந்தார்கள்.

நான்காம் நாள் போய்ச் சேர்ந்தபோது அம்மா மாடி அறையில் இருந்தாள். அவள் சொன்ன கதை இது. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் முதலில் வந்து நின்றது அந்தப் பெண். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். “ஆச்சி, மாத்திர இருக்கா?” என்று கீழே நின்றே கேட்டாள். இல்லை. அட்டை தண்ணீரோடு போய்விட்டது. பெயர் அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மறுநாள் மருத்துவ முகாமில் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தை ஒரு வெப்ப அலை தாக்கியது. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த எரிக் கிளைனன்பர்க், ஒரே மாதிரி ஏழ்மையுள்ள, அடுத்தடுத்து இருக்கிற இரண்டு வட்டாரங்களில் சாவுக் கணக்கு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்டார். ஆட்கள் நடமாடுகிற நடைபாதையும் கடைகளும் கூடும் இடங்களும் இருந்த வட்டாரத்தில், யார் தனியாக இருக்கிறார், யாரைக் காணோம் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு 2018இல் எழுதிய புத்தகத்தில், அப்படிப்பட்ட இடங்களுக்கு முதன்மையான உதாரணமாக அவர் பொது நூலகத்தைச் சொன்னார். அவர் சொன்னது எனக்கு மாத்திரைப் பெயராகப் புரிந்தது. அந்தப் பெயர் என் கைபேசியில் இல்லை. எதிர் நாற்காலிக்காரிக்குத் தெரிந்திருந்தது.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா சொன்னதில் மிச்சம் இருக்கிறது.

“மழையில நனைஞ்சு வந்திருந்தா. கடுங்காப்பி போட்டுக் குடுத்தேன்.”

“எதுல குடுத்த?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாம் தண்ணியில போச்சுல்லா. இருந்த டம்ளர்லதான்.”

இருந்த டம்ளர். வேறு டம்ளர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரியும். நான் வகுப்பில் பெண்ணியம் நடத்துகிறவள், கவிதையில் தெருக்களைப் பற்றி எழுதியவள். ஒரு வருஷமாக அம்மா அந்தப் பெண்ணைப் பற்றித் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடும்மா” என்று நானும் சொன்னதில்லை. நூலகம் ஒரே மேசையைப் போட்டது. அந்த மேசையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

ஆகவே நூலகம் சாதியை அழித்துவிடும், பெண்களை விடுவித்துவிடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அது அவ்வளவு பெரிய காரியத்துக்காகக் கட்டப்பட்டதும் இல்லை. வீட்டுக்குள் நுழையவே விடாத ஒரு பழக்கம் தொடங்குவதற்கு ஓர் அறையை அது கொடுக்கிறது. அந்த அறை இல்லையென்றால் அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எதிரெதிரே உட்கார ஏரலில் வேறு இடம் கிடையாது. டீக்கடையில் இருவருக்குமே இடம் இல்லை. கோயிலில் ஒருவரையொருவர் பார்த்தாலும் உட்கார்ந்து பேசப்போவதில்லை. அந்த அறையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது எங்கள் பொறுப்பு.

அதனால்தான் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடுகளைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்தே வருகின்றன. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931லேயே கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இன்று தமிழக அரசின் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை வீடுகளுக்குக் கொண்டு செல்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டதே, இனி நீ எதற்கு வெளியே போக வேண்டும் என்று ஒரு வீடு கேட்டால்? என் அப்பா புத்தகம் எடுத்துவந்து கொடுத்ததும் ஒருவகையில் வீடு தேடி வந்த நூலகம்தான். அம்மாவுக்குப் புத்தகம் கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் புரிய நாற்பது வருஷம் ஆயிற்று.

2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் பல பிறகு பூட்டிக் கிடந்தன. கட்டடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரியாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை வரும். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிற ஒருத்தியிடம் சம்பளத்தோடு அந்தச் சாவியைக் கொடுத்தால் என்ன? இலவசச் சேவையாகக் கேட்கக் கூடாது. பெண்களிடம் இலவசமாக வாங்கியது போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நான்கு மணி வரை, அடுப்பு அணைந்து பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த இடைவெளியில் கதவு திறந்திருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்று இருக்கட்டும். அது இல்லாத கட்டடத்தில் ஒரு பெண்ணால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு ஏனோ நினைவுக்கு வருவதில்லை. சுவரோரப் பெஞ்சிலிருந்து நாளிதழ்க் கட்டை எடுத்துவிடட்டும். சமூக இணைப்பைப் பற்றிய பெரிய பேச்சுகளை அதன்பிறகு பேசலாம்.

வெள்ளம் வடிந்து, நூலகம் மறுபடி திறந்து, அம்மாவும் அந்தப் பெண்ணும் பழையபடி போய்வரத் தொடங்கினார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு வாரம் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் அம்மா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு அவள் தெருவுக்குத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவு காலம் ஏரலில் இருந்தவள், எழுபது வயதில் முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். அவளுக்குக் காய்ச்சல். வாசலில் நாற்காலி போட்டார்களாம். அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன் என்றாள் அம்மா.

அங்கே குடிக்க என்ன கொடுத்தார்கள், குடித்தாயா என்று தொலைபேசியில் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பேச்சை மாற்றி, பையில் என்ன கொண்டுபோனாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லட்டி. சும்மாதான் போனேன்.”